நூலக அறிவியலுக்கு ‘ஏதேனும் ஒரு பட்டம்’ போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுநிலை நூலக, தகவல் அறிவியல் படிப்புக்கான சேர்க்கை அறிவிப்புகளில் ‘ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம்’ என்றிருக்கும் வரியைப் பலர் ஏளனமாகவே பார்க்கிறார்கள். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்குத் திறந்து வைத்த கதவு அது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். 20 ஆண்டுகளுக்கு மேல் நூலகராக இருந்து, இடையில் சில ஆண்டுகள் சேர்க்கைக் குழுவில் விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையில், சேர்க்கை விதிகளிலேயே நன்கு யோசித்து எழுதப்பட்டது அந்த வரிதான் என்பேன்.

வைட்டமின் சி பற்றிய ஆய்வுகள் வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவக் கட்டுரைகளின் பொருள் அட்டவணையில் அதற்குத் தலைப்பு ‘அஸ்கார்பிக் அமிலம்’. கணினி தானே இரண்டையும் சேர்த்துத் தேடிவிடாதா என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றே என்று யாரேனும் முன்பே குறித்து வைத்திருந்தால் தேடும். குறித்து வைப்பது நூலகத் துறையினரின் வேலை. வேதியியல் படித்துவிட்டு வந்தவருக்கு அது கைவந்த சங்கதி. அதுபோலவே, 1972-க்கு முந்தைய நூல்களை ‘ஸ்ரீலங்கா’ என்று மட்டும் தேடினால் பாதி அகப்படாது, ‘சிலோன்’ என்றும் தேட வேண்டும் என்பது வரலாற்று மாணவருக்குச் சொல்லாமலே தெரியும். வகுப்பில் இருபது பேரும் ஒரே பாடம் படித்தவர்களாக இருந்தால் இந்த அறிவு எங்கிருந்து வரும்? 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படுபவர், அதுவரை கணிதம் கற்பித்தவர். நூலகப் பயிற்சிக்கு அவர் லண்டன் சென்றதே அதற்குப் பிறகுதான்.

பட்டம் வேண்டும் என்ற நிபந்தனையும் எளிதில் வந்துவிடவில்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் முறையை வகுத்த அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1887-இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் தொடங்கிய நூலகப் பள்ளி, பின்னர் அம்மாநிலத் தலைநகர் ஆல்பனிக்கு இடம் மாறி, 1902-இல்தான் கல்லூரிப் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. அமெரிக்க நூலகப் பயிற்சியை ஆராய்ந்து 1923-இல் வெளிவந்த வில்லியம்சன் அறிக்கை, நூலகத்தில் எழுத்தர் செய்யும் வேலை வேறு, தொழில்முறை நூலகர் செய்யும் வேலை வேறு என்று பிரித்துக் காட்டி, பின்னதற்குப் பட்டப்படிப்பே அடித்தளம் என்றது. இன்று அமெரிக்காவில் எந்தப் பட்டம் பெற்றவரும் நேரே முதுநிலையில் சேரலாம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதலில் ஓராண்டு இளநிலை நூலக அறிவியலை முடித்தாக வேண்டும். எந்த வழி சிறந்தது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை.

என் குறை, அடுத்து வரும் நிபந்தனைகளைப் பற்றியது. மதிப்பெண் சதவீதத்தை வைத்து வடிகட்டுகிறோம். பிறகு ‘நூலகராக ஏன் விரும்புகிறீர்கள்’ என்று ஒரு கட்டுரை கேட்கிறோம். நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ‘சிறு வயது முதலே எனக்குப் புத்தகங்கள் என்றால் உயிர்’ என்றே தொடங்கின. புத்தகப் பிரியம் நல்லதுதான்; ஆனால் நாள் முழுவதும் அந்நியர்களின் அரைகுறைக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் விடை தேடித் தரும் பொறுமை அதில் அடங்காது. ஒரே ஒரு கட்டுரை இன்னும் நினைவில் இருக்கிறது. சிறிய நூலகமொன்றில் ஊதியமின்றி உதவி செய்த ஒரு பெண், ஒரே நூலின் மூன்று பதிப்புகள் மூன்று வேறு வகைப்பாட்டு எண்களோடு மூன்று அலமாரிகளில் இருந்ததைக் கண்டு, ‘இதைத் தேடி வருபவர் எந்த அலமாரிக்குப் போவார்?’ என்று எழுதியிருந்தார். மதிப்பெண் சற்றுக் குறைந்ததால் அவருக்கு இடம் தரப்படவில்லை. அன்று நான் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

கணினிச் சான்றிதழைக் கட்டாயமாக்க வேண்டும் என்போரும் உண்டு. அதை ஒரு பருவத்தில் கற்பித்துவிடலாம். அதற்குப் பதிலாக, விண்ணப்பிக்கும் முன் ஏதேனும் ஒரு நூலகத்தில் நாற்பது மணி நேரமாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்றும், பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று அந்த வேலையை நேரில் பார்த்தவர் எழுதியதாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கலாம். கட்டுரைக் கேள்வியையும் மாற்றலாம்: ‘நீங்கள் தேடியும் கிடைக்காமல் போன ஒரு தகவலை எங்கெங்கே, எந்தெந்தச் சொற்களால் தேடினீர்கள்?’

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்