தண்ணில குதிச்சதுக்கு மெடல் சும்மா குடுக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ராணுவத்தோட உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தக் காலத்துல சண்டையே இல்லாதப்ப கூட இத வாரி வழங்கினாங்கன்னு ஒரே வரில தள்ளிட்டுப் போயிட்டீங்க பாருங்க, அதுதான் மனசு கேக்கல.

ராபர்ட் ஸ்வீனின்னு ஒருத்தர், கனடா மான்ட்ரியல்ல பொறந்த கறுப்பினத்தவர், அமெரிக்க கடற்படையில சாதாரண மாலுமி. 1881 அக்டோபர் 26, வர்ஜீனியால ஹாம்ப்டன் ரோட்ஸ்ல கியர்சார்ஜ் கப்பல் நிக்குது, கூட வேலை பாக்குற ஒருத்தர் தண்ணில விழுந்துட்டார். ஆறுங்கல்லாம் வந்து விரிகுடாவுல சேர்ற இடம் அது, அன்னிக்கு நீரோட்டம் வேற செம இழுப்பு, தூக்கப் போறவனையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். குதிச்சிட்டார் மனுஷன், ஆளையும் காப்பாத்தியாச்சு. அதுக்கு ஒரு மெடல். 1883 டிசம்பர் 20, நியூயார்க் கடற்படைத் தளத்துல ஜேம்ஸ்டவுன் கப்பல்லேர்ந்து விழுந்த ஒருத்தர இன்னொரு மாலுமியோட சேர்ந்து மீட்டார், டிசம்பர் மாசம் அந்த ஊர் தண்ணி எப்படி இருக்கும்னு சொல்லணுமா என்ன? அதுக்கு ரெண்டாவது மெடல். இத ரெண்டு தடவை வாங்கினவங்க மொத்தமே 19 பேர், அதுல கறுப்பினத்தவர் இவர் மட்டும்தான்.

இதே கியர்சார்ஜ் 1864ல உள்நாட்டுப் போர்ல எதிரியோட அலபாமாங்கற கப்பல மூழ்கடிச்சப்ப, கியர்சார்ஜ்ல இருந்த 17 பேருக்கு இதே மெடல் குடுத்தாங்க, அத யாரும் வாரி வழங்கினதா சொல்றதில்ல. வீரத்துக்குன்னு கடற்படை கையில அப்ப இருந்த மெடலே இது ஒண்ணுதான் சார், வேற எதத்தான் குடுப்பாங்க?

தகுதியில்லாதவங்களுக்கும் போச்சுங்கறது பொய்யில்ல, 1917ல தரைப்படை 911 பேர மெடல் லிஸ்ட்லேர்ந்து தூக்குச்சு. ஆனா அதுல முக்காவாசிக்கு மேல ஒரே ரெஜிமென்ட்டுக்கு, அதாவது ஒரே படைப்பிரிவுக்கு, மொத்தமா அள்ளிக் குடுத்தது. அதையும் உயிர பணயம் வெச்சு குதிச்சவங்களையும் ஒரே மூட்டையில கட்டினா எப்படி?

ஸ்வீனி 1890லயே, நாப்பது வயசு கூட ஆகாம செத்துட்டார். லூயிஸ் வில்லியம்ஸ்னு இன்னொரு மாலுமி, 1883ல ஹவாயோட ஹொனலூலு, 1884ல பெருவோட கயாவோ துறைமுகம், அவரும் ரெண்டு தடவை இப்படி குதிச்சு ரெண்டு மெடல் வாங்கினவர்தான். உங்க ஞாயிறு இணைப்புல இவங்களப் பத்தி ஒரு அரைப்பக்கமாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்