டிக்கெட் ஒன்றா, இரண்டா

ஏற்காடு,
கார்த்திகைக் கடைசி

அன்புள்ள குமரனுக்கு,

ஆசீர்வாதம். நானும் அம்மாவும் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் செய்தி வந்தது. ‘டிசம்பர் கடைசியில் மூன்று நாள் சென்னையில் இருப்பேன். எங்கே நல்ல கச்சேரி கேட்கலாம்?’ ஒரே வரி. போனிலேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் முப்பத்தைந்து வயதில் பிள்ளை தகப்பனிடம் சங்கீதம் பற்றிக் கேட்கிறான். அதற்குக் கட்டைவிரலால் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மடியில் உட்கார்ந்து, திருச்சி வானொலிக்கு ஆதி தாளம் போட்டவன் நீ. எட்டாவது அட்சரத்தில் என் தொடையில் ஓங்கி ஓர் அடி அடிப்பாய்.

முதலில் ஒன்று சொல். டிக்கெட் ஒன்றா, இரண்டா? அதைச் சொன்னால்தான் சரியாக வழி சொல்ல முடியும்.

மூன்று நாளுக்கு மூன்று இடம் போதும். ஒரே நாளில் நாலு சபா ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாடகரைவிட ஆட்டோக்காரரிடம்தான் பழக்கம் அதிகம். மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. டிடிகே சாலையில் இருக்கும் இப்போதைய அரங்கம் 1962-இல் திறந்தது. மாலைக் கச்சேரிக்குப் பெரிய பெயர்கள், பெரிய கூட்டம். அன்றன்றைய டிக்கெட்டுக்கு விடியற்காலையிலேயே வரிசை நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், நின்றும் இருக்கிறேன். நீ அதற்கு அலையாதே. மத்தியானக் கச்சேரிக்குப் போ. அதற்குக் காசு கிடையாது, யாரும் போய் உட்காரலாம். இளம் பிள்ளைகள் பாடுவார்கள். இன்று மாலை மேடையில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அந்த மத்தியான வெயில் நேரத்தில், முக்கால்வாசி காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடியவர்கள்தான். பக்கத்துப் பக்கத்து நாற்காலி வேண்டுமென்றாலும் மத்தியானம்தான் சுலபம்.

அதே சாலையில் தெற்கே நடந்தால் நாரத கான சபா. கேன்டீனில் இலை போட்டுச் சாப்பாடு உண்டு. சாப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை; ஆனால் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்கு ஓடுகிற கூட்டத்தோடு சேராதே. இரண்டு மணி நேரம் பாட்டுக்குப் பின்னால் அடங்கி வாசித்த மிருதங்கக்காரருக்குக் கிடைக்கிற கால் மணி நேரம் அது. அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

தமிழ்ப் பாட்டு மட்டும் கேட்க வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம். 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் அரங்கம். கச்சேரி மேடையில் தமிழுக்கு முழு இலை போடவில்லை, துக்கடாவாகத் தொட்டுக்கொள்ள மட்டும் வைத்தார்கள் என்ற ஆதங்கத்தில் எழுந்தது. சுதாவுக்கு அது பிடிக்கும். அவளுக்குச் சொல் புரிய வேண்டும்; புரியாவிட்டால் தூங்கிவிடுவாள், கல்யாணத்துக்கு அடுத்த மாதம் இங்கே வந்தபோது நானே பார்த்தேன். அரங்கங்களில் ஏசி குளிர் அதிகம். அவளுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்.

தீபாவளிக்குப் பிறகு அவள் உன் அம்மாவிடம் பேசவில்லை. வேலை இருக்கும். அம்மா கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

‘இருப்பேன்’ என்று எழுதியிருக்கிறாய். போன வருஷம் வரை ‘கிளம்புகிறோம்’, ‘வந்து சேர்ந்தோம்’ என்றுதான் எழுதினாய். முப்பத்தொரு வருஷம் எஸ்டேட் கணக்கு எழுதியவன் நான். ஒன்று இரண்டு மாறினால் கண் அங்கேயே நிற்கும். கை தவறி வந்திருக்கும். இருக்கட்டும்.

இங்கே செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. காட்டெருமை மறுபடியும் கீழ் வேலியைச் சாய்த்துவிட்டது. காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது, ஆள் கிடைப்பதில்லை. சென்னை வரை வருகிறவன் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் சேலம் ஜங்ஷன். அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. சின்ன வயதில் ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டு, பதின்மூன்றில் வாந்தி எடுப்பாய். இப்போது மூன்று நாளும் சங்கீதத்துக்கே சரியாகப் போய்விடும்போல. போகட்டும். மத்தியானக் கச்சேரியை விட்டுவிடாதே.

நான் ஒன்று சொல்ல வேண்டும். நேற்றிலிருந்து இதற்காகத்தான் சபா, கேன்டீன் என்று சுற்றிச் சுற்றி வருகிறேன்.

1990-இலிருந்து 2004 வரை வருஷா வருஷம் மார்கழிக்குச் சென்னை போனேன் அல்லவா? திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டில், பத்து நாள். அப்பாவுக்குச் சங்கீதப் பித்து என்று ஊரே பெருமையாகச் சொன்னது. பித்து உண்மைதான். ஆனால் போனதற்கு அது மட்டும் காரணம் இல்லை. அம்மாவோடு வீட்டில் இருக்க முடியாத வருஷங்கள் இருந்தன. சத்தம் போட்டுச் சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நான் சத்தம் போடவில்லை. டிக்கெட் எடுத்தேன்.

அது பழம் பறிக்கிற காலம். ஆள் பார்த்து, கூலி கொடுத்து, மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்து, எல்லாம் அவள். கல்யாணத்துக்கு முன்னால் செவ்வாய்ப்பேட்டையில் வர்ணம் வரைக்கும் பாடம் ஆனவள் உன் அம்மா. களத்தில் காப்பிக் கொட்டையைக் காலால் வரப்பு வரப்பாகத் தள்ளிக்கொண்டே மோகனம் பாடுவாள். கால் நகர்வதுதான் தாளம். திரும்பும் முனையில் சரியாக சமத்துக்கு, தாளம் தொடங்கும் இடத்துக்கு, வந்து நிற்பாள். உனக்கு ஆறு வயது இருக்கும்போது, ‘ஒரு வருஷம் நானும் வரட்டுமா?’ என்று கேட்டாள். ‘களத்தை யார் பார்ப்பது?’ என்றேன். அந்த ஒரு தடவைதான் கேட்டாள்.

திரும்பி வந்து ராகம் ராகமாக அவளிடமே விவரிப்பேன். கரகரப்பிரியாவை ஒருவர் எப்படி இழைத்தார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன் ஒரு தடவை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘சோறு போடட்டுமா?’ என்றாள். களத்தில் அவள் பாடுவது எந்த வருஷம் நின்றது என்று எனக்குத் தெரியாது. அகாடமியில் யார் எந்த வருஷம் என்ன பாடினார் என்று இன்றும் சொல்லுவேன்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று நீ கேட்க மாட்டாய்.

விடியற்காலையில் எழுந்தால் மயிலாப்பூர் போ. கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் மார்கழி பஜனை வரும். பாபநாசம் சிவன் பாடிக்கொண்டு போன வழி. அதற்கு டிக்கெட் கிடையாது, நாற்காலியும் கிடையாது. கூட நடந்தால் போதும்.

டிக்கெட் எத்தனை என்று எழுது.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். ‘ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டேன்’ என்றாள். இரண்டாவது எப்போது என்று கேட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.