கையெழுத்து இருக்கட்டும், கணக்கு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கையைக் காக்கும் வேட்பாளர்களை ஜெயிக்க வைக்க அமெரிக்காவில் அமைப்புகள் களமிறங்குவது போல நம் ஊர் இயக்கங்களும் இறங்க வேண்டும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆசை நியாயமானதுதான். ஆனால் அது இங்கே எங்கே போய் முட்டும் என்பதை என் வீட்டு வாசலிலேயே பார்த்திருக்கிறேன்.

நான் இருப்பது தென்சென்னையில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குக் கொஞ்சம் தள்ளி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்தலின்போது எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஓர் உறுதிமொழித் தாள் தயாரித்தார்கள். ஏரிக்கரையில் குப்பை கொட்ட விடமாட்டேன், கால்வாயை அடைக்க விடமாட்டேன் என்கிற மாதிரி நான்கே வரி. ஓட்டு கேட்டு வந்த மூன்று பேரிடமும் நீட்டினோம். மூவரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் என் பேனாவையும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஜெயித்தது அவர்தான். தாள் இன்னும் என் பீரோவில் எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில் கிடக்கிறது. கால்வாயில் பாதியைக் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கி, அதன்மேல் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள்.

அமெரிக்காவின் 'லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ்' என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 1970 வாக்கில் தொடங்கியது. அதன் பலம் பிரச்சாரத்தில் மட்டும் இல்லை, மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் எந்த மசோதாவுக்கு யார் எப்படி வாக்களித்தார் என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று போடுகிறார்கள். மோசமானவர்களை 'டர்ட்டி டசன்' (அழுக்குப் பன்னிரண்டு பேர்) என்று பெயர் வைத்தே தோற்கடிக்கப் பார்க்கிறார்கள்.

சரி, நம் எம்.எல்.ஏ.வுக்கு எதை வைத்து மார்க் போடுவது? இங்கே பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடும். யார் 'ஆம்' என்றார் என்று பெயர் வாரியாகப் பதிவே இருக்காது. 2023 ஏப்ரலில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் பேரவையில் நிறைவேறியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கு, உள்ளே நீர்நிலை இருந்தாலும் அரசு நிலத்தை ஒருங்கிணைத்துக் கொடுக்க வழிசெய்யும் சட்டம் அது. விவாதமே இல்லாமல் முடிந்தது. உங்கள் தொகுதிக்காரர் மனசுக்குள் என்ன நினைத்தார் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அப்படியே எதிர்க்க நினைத்தாலும் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறினால் பதவியே போய்விடலாம்.

பணமும் அப்படித்தான். வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காகக் கூட்டம் போட்டு, விளம்பரம் செய்து செலவழித்தால் இங்கே குற்றம். அனுமதி வாங்கிச் செய்தால் அது அவருடைய 40 லட்ச ரூபாய் தேர்தல் செலவு வரம்புக்குள் போய்ச் சேரும். அப்புறம் 'இது அந்தக் கட்சி ஆட்கள்' என்ற முத்திரை வேறு. அந்த முத்திரை விழுந்த இயக்கம் மறுநாள் ஆட்சி மாறினால் எந்த அதிகாரியின் அறை வாசலில் நிற்கும்?

இன்னொன்று. பள்ளிக்கரணையைக் கெடுத்தது தனியார் மட்டும் இல்லை. பெருங்குடி குப்பைக் கிடங்கு மாநகராட்சியுடையது. அரசு நிறுவனங்களும் ரயில் பாதையும் சதுப்பில்தான் எழும்பின. இதெல்லாம் ஒரே கட்சி ஆட்சியில் நடந்ததும் இல்லை. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணைக்கு இடம் கிடைத்தபோது அதில் சேர்ந்தது சுமார் 1,248 ஹெக்டேர். இதில் நல்ல கட்சி எது என்று நான் யாரைக் கைகாட்ட?

ஆனால் மார்க் போட முடிகிற விஷயங்களும் இருக்கின்றன. பேரவைக் கேள்வி நேரத்தில் நம் எம்.எல்.ஏ. நீர்நிலை பற்றி எத்தனை கேள்வி கேட்டார்? ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியில் குளம் தூர்வார எவ்வளவு, பேருந்து நிழற்குடையில் பெயர் பொறிக்க எவ்வளவு? சென்னையில் 200 வார்டுகள். கவுன்சிலர் மன்றக் கூட்டத்தில் ஆக்கிரமிப்பு பற்றி வாயைத் திறந்தாரா, வார்டு மக்கள் குறை சொல்லும் பகுதி சபைக்கு வந்தாரா? இதற்குத் தொண்டர் படையெல்லாம் வேண்டாம். வார்டுக்கு இரண்டு பேர், ஒரு நோட்டு, ஐந்து வருஷப் பொறுமை. தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு அதை அப்படியே அச்சடித்து வீடு வீடாகக் கொடுங்கள். யாருக்கு ஓட்டு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியும்.

எங்கள் வார்டுக்கு நான் எழுதுகிறேன். நோட்டு வாங்கியாயிற்று. முதல் பக்கத்தில் அந்த நான்கு வரியையும் எழுதி வைத்திருக்கிறேன். பேனா புதுசு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தென்சென்னை