கூத்துக் காணொளிகளை எங்கே வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரத்துத் தெருக்கூத்துக் குழுக்களும் திருவிழாக் குழுக்களும் சொந்தமாக இணையதளம் வைத்துக்கொள்ளத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் காணொளிகளை எங்கே வைப்பது என்பதைத் தளம் அமைத்துக் கொடுக்கும் இளைஞரின் வசதிக்கே அவை விட்டுவிடுகின்றன. அப்படிப்பட்ட சில தளங்களைப் பராமரித்துத் தருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

காணொளியைத் தளம் இயங்கும் கணினியான சர்வரிலேயே ஏற்றிவிட்டால் எல்லாம் நம் கையில் இருக்கும் என்பது பலருடைய எண்ணம். திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவு கட்டியங்காரன் வந்து தொடங்கி விடியும்வரை நடக்கும் அர்ச்சுனன் தபசு எட்டு மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2.5 மெகாபிட் என்ற நடுத்தரமான அளவுக்குச் சுருக்கினாலும் அது ஏறத்தாழ 9 ஜிபி வரும். நூறு பேர் முழுமையாகப் பார்த்தால் 900 ஜிபி வெளியே போக வேண்டும். ஒரு குழு 'அன்லிமிடெட்' என்று விளம்பரம் செய்த மலிவான ஹோஸ்டிங்கை (தளத்துக்கான வாடகை சர்வர் இடத்தை) நம்பி இப்படித்தான் ஏற்றியது. மறுநாள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் திறந்தபோது, காணொளி மட்டுமல்ல, தொடர்பு எண்ணும் நிகழ்ச்சி நாட்களும் இருந்த பக்கங்களும் சேர்ந்து மறைந்து, '509 பேண்ட்விட்த் லிமிட் எக்ஸீடட்', அதாவது அனுப்ப அனுமதித்த தரவின் அளவு தாண்டிவிட்டது என்ற ஒரே வரிதான் திரையில் நின்றது. கூத்துக்குத் தேதி கேட்க வந்தவர்களும் அதைத்தான் பார்த்தார்கள்.

இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளைச் சொந்த சர்வரில் வைப்பதில் தவறில்லை. நொடிக்கு ஒரு மெகாபிட் என்றால் மூன்று நிமிடத்துக்கு 23 எம்பி கூட ஆகாது. ஆனால் எம்பி4 என்ற காணொளிக் கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைப் பகுதி பெரும்பாலும் கோப்பின் கடைசியில் எழுதப்படுவதால், அது கிடைக்கும்வரை சில கைபேசிகளில் படம் ஓடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கினால் அந்தப் பகுதி முன்னே வந்துவிடும். இந்தச் சிறு வேலையைக்கூடப் பலர் செய்வதில்லை.

முழு இரவுக் கூத்துக்கு யூடியூபைத் தவிர எளிய வழி இப்போதைக்கு இல்லை. கணக்கைத் தொலைபேசி எண்ணால் உறுதிசெய்தால் 12 மணி நேரம் வரையிலான காணொளியை ஏற்றலாம். உறுதிசெய்யாவிட்டால் 15 நிமிடம்தான். சிக்னல் குறைந்த கிராமத்தில் பார்ப்பவருக்கு அதற்கேற்பத் தரத்தைத் தானே குறைத்து அனுப்பும் ஏற்பாடும் அதில் உண்டு. இதற்கு நாம் கொடுக்கும் விலை வேறு விதமானது. வருமானப் பகிர்வில் சேராத சேனல்களிலும் விளம்பரம் போட வழிசெய்யும் வகையில் 2020-21இல் யூடியூப் விதிகளை மாற்றிக்கொண்டது. ஆகவே படுகளக் காட்சிக்கு நடுவில் எது வந்து குதிக்கும் என்பது நம் கையில் இல்லை. இடைவேளையில் மைக் செட்டில் ஓடிய திரைப்பாட்டு பதிவில் விழுந்திருந்தால், தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்து உரிமை கோரும். பதிப்புரிமைப் புகார்களால் 90 நாட்களுக்குள் மூன்று 'ஸ்டிரைக்' (எச்சரிக்கைப் புள்ளி) விழுந்தால் சேனலே நீக்கப்படலாம். ஆகவே பாட்டு ஓடும் பகுதியை வெட்டிவிட்டு ஏற்றுவதே நல்லது. முகவீணையும் மத்தளமும் போதாதென்று திரைப்பாட்டு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. அது வேறு வழக்கு.

ஆனால் யூடியூபை யாரும் சேமிப்புக் கிடங்காக நினைத்துவிடக் கூடாது. ஏற்றிய காணொளியை யூடியூப் ஸ்டுடியோவிலிருந்து திரும்ப இறக்கினால் 720பி அல்லது 360பி என்ற குறைந்த தரத்தில்தான் கிடைக்கும். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பின் தெளிவு அதில் இராது. சேனல் ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் இருந்து, அவர் வேலைக்காக வெளிநாடு போய்விட்டால், கடவுச்சொல்லைத் தேடிக் குழு அலைய வேண்டியதுதான். ஒரே சேனலுக்குப் பலரை நிர்வாகிகளாகச் சேர்க்கும் வசதி இருக்கும்போது இந்த அவலம் தேவையே இல்லை.

விளம்பரமில்லாத காணொளித் தளமான விமியோவும், 1996 முதல் இயங்கும் இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவும் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். முன்னதில் இவ்வளவு நீளமான பதிவுகளுக்குக் கட்டணம் உண்டு. பின்னது இலவசம், ஆவணம் சேர்க்க ஏற்றதும்கூட. ஆனால் 2014 டிசம்பரில் இந்தியாவில் 32 இணையதளங்கள் முடக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் இவை இரண்டுமே இருந்தன. 2017 ஆகஸ்டில் திருட்டுத் திரைப்படங்கள் தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் இன்டர்நெட் ஆர்க்கைவ் மறுபடியும் முடங்கியது. பிறகு திறந்துவிட்டார்கள் என்றாலும், அந்த நாட்களில் அதை மட்டும் நம்பியிருந்த தளங்களின் நிலை என்னவாக இருந்திருக்கும்?

எனவே, பார்ப்பதற்கு யூடியூப் இணைப்பைத் தளத்தில் பதித்துக்கொண்டு, மூலக் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் வைத்து, ஒன்றைக் குழுவை நடத்தும் கூத்து வாத்தியார் வீட்டிலும் மற்றொன்றை வேறோர் ஊரிலும் வைப்பதே உகந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைக் கண்ட மாவட்டத்தாருக்கு இரண்டாவது டிஸ்க் ஏன் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. கலைக் குழுக்கள் விரும்பித் தரும் இத்தகைய பதிவுகளில் ஒரு பிரதியைக் கடலூர் மாவட்ட மைய நூலகம் பெற்றுப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ள நூலகத் துறை அனுமதி அளித்தால், அதற்கு ஆகும் செலவு சில ஹார்ட் டிஸ்குகளின் விலைதான். துறை அதிகாரிகள் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.