படித்துறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அஸ்தி கரைப்பது பற்றிய கட்டுரையில், "எந்த மாதமானாலும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் கரைத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பலாம்" என்று ஒரு வரி. படித்ததும் மனம் நொந்துபோனது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும் என்பதை அறியாதவர் தங்கள் அலுவலகத்தில் இருக்க முடியாது. மாசி பிறந்தால் ஸ்ரீரங்கத்துக் காவிரியில் பெரும்பாலும் மணல்தான். குடிநீருக்கு விடும் தண்ணீர் ஓர் ஓரமாகப் போகும். படித்துறையடியில் கிடப்பது குட்டை.

கரைப்பது என்பது வாய்வழக்கு. வெந்த எலும்பு பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட், அது தண்ணீரில் கரையாது. சாம்பல் மிதந்து ஒதுங்கும், எலும்பு விட்ட இடத்திலேயே அமிழும். ஓட்டம் இருந்தால்தான் மணலோடு உருண்டு போகும். குட்டையில் விட்ட தாயின் எலும்பை அடுத்து இறங்குகிறவர் மிதிப்பார். இதையா நிம்மதி என்று எழுதுவது?

இடத்தின் பெயரைப் பார்க்கும் முன் நீரைப் பார்க்க வேண்டும். ஒரு பூவைப் போட்டால் தெரியும்: நேராக விலகிப் போனால் நல்ல ஓட்டம், நின்றால் குட்டை, சுற்றினால் சுழல், இறங்கவே கூடாது. மேட்டூரில் உபரி நீர் திறக்கும் நாட்களில் பவானி கூடுதுறைப் படிகள் மூழ்கும், போய்ப் பயனில்லை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் அலை குறைவு, ஆழமும் குறைவு. விட்டது கரையோரமே தங்கும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நீரோட்டம் உண்டு, ஆனால் அது கால் வைக்கும் இடமல்ல. கோடையில் ஆறு வறண்டால் பூம்புகார்க் கடலே மேலானது, அதுவும் கடல் பின்வாங்கும் வற்றம் தொடங்கும் நேரத்தில். ஏற்றத்தில் விட்டால் கரைக்கே திரும்பி வரும்.

எலும்பு பொறுக்கும் சடங்கான சஞ்சயனத்தில் கால் முதல் தலை வரை எடுக்கும் சில துண்டுகள், ஒரு கலயத்தில் அடங்கும் அளவு, போதும். விறகுச் சாம்பலை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதில் காரம் அதிகம், தேங்கிய நீரில் மீனுக்கு ஆகாது. கலயத்தின் வாயைப் பருத்தித் துணியால் கட்டுங்கள், நைலான் கயிறும் பிளாஸ்டிக் கவரும் வேண்டாம். முழங்கால் ஆழத்தில், காற்று முதுகில் படும்படி நின்று, கலயத்தை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திச் சரிக்க வேண்டும். நின்றபடி தூவினால் சாம்பல் முகத்துக்கே வரும். கலயத்தைத் தோளுக்குப் பின்னால் வீசி உடைப்பவர்கள், அந்த ஓட்டுச்சில் யார் காலைக் கிழிக்கும் என்று பார்ப்பதில்லை.

ஆண்டுதோறும் தை, ஆடி அமாவாசைக்குப் படித்துறைக் கூட்டத்தை அரைப்பக்கப் படமாகப் போடுகிறீர்கள். காலடித் தண்ணீரைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை. பாபநாசத்தில் தாமிரபரணியில் விடும் துணிகள் பாறையிடுக்கில் சிக்கிக் குளிப்பவர் காலைச் சுற்றுகின்றன. உடுத்திய துணியை ஆற்றில் விடுவதே பரிகாரம் என்று எழுதிய ஜோதிடப் பகுதியும் தங்கள் பத்திரிகையில் வந்ததுதான். அன்று எழுதிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை. இதற்காவது கிடைக்க வேண்டும்.

கேட்பது சிறிய உதவி. மேட்டூர் நீர்மட்டத்தையும் வெளியேற்றத்தையும் தினமும் மாவட்டப் பக்கத்தில் அச்சிடுகிறீர்கள். அதே இரண்டு எண்களைக் காலமானார் விளம்பரங்களின் அடியிலும் போடுங்கள். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள் ஆகும் என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கம் வாசகர்