துவக்கு விற்கும் பதிவுகளை விடாதீர்கள்: மலையக வாங்கல் விற்றல் குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அட்மின் தம்பிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை என்று ஊருக்கு ஊர் பேஸ்புக்கில் வாங்கல் விற்றல் குழு இருக்கிறது. பழைய போன், ஆட்டோ, கறவை மாடு, லீக்ஸ் கன்று, வாடகை வீடு எல்லாம் உங்கள் குழுக்களில்தான் கைமாறுகிறது. அதனால் நன்மை கண்டவர்களில் நானும் ஒருவன். விவசாயச் சாமான் கடை வைத்திருக்கிறேன். மருந்து, உரம், டோர்ச் லைட் இவற்றோடு, அனுமதிப்பத்திரம் உள்ள துவக்குக்காரர்களுக்குத் தேவையான உறை, எண்ணெய், குழாய் துலக்கும் கம்பி, தோட்டாப் பட்டி ஆகியவற்றையும் விற்கிறேன். துவக்கும் தோட்டாவும் விற்பதில்லை. அதற்குத் தனி அனுமதி வேண்டும், என்னிடம் அது கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச காலமாக உங்கள் குழுக்களில் ஒரு மாதிரியான பதிவுகள் வருகின்றன. "பன்றிக்கு நல்ல சாமான் இருக்கு, தேவையானவர்கள் இன்பொக்ஸ் வாங்க" என்று ஒரு வரி, கீழே மாச் சாக்கின் மேல் கிடத்திய நீளமான ஏதோ ஒன்றின் பாதிப் படம். அதற்கடியில் விலை கேட்டு நாலு பேர், கூரியரில் பதுளைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டு இரண்டு பேர். மறுநாள் பார்த்தால் பதிவு அப்படியே இருக்கிறது, "விற்பனையாகிவிட்டது" என்ற வரி மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. யாருக்கு விற்றார்கள், வாங்கியவர் அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது.

பேஸ்புக் இதை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். விதி இருக்கிறது. தனி ஆட்கள் தங்களுக்குள் துவக்கு விற்றுக்கொள்வதை 2016 ஜனவரியிலேயே பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் தடை செய்துவிட்டன. ஈபே அதற்கும் முன்னால், 1999 இலேயே துவக்கு விற்பனையை நிறுத்தியது. ஆனால் நம் ஆட்கள் துவக்கு என்று எழுதுவதில்லையே. "சாமான்" என்கிறார்கள், "குழாய்" என்கிறார்கள், பாதிப் படம் போடுகிறார்கள். எங்கோ ஓடுகிற கணினிக்கு அது தண்ணீர்க் குழாயா வேறு குழாயா என்று விளங்காது. உங்களுக்கு ஒரு பார்வையில் விளங்கும். அதனால்தான் இந்த மடலை அந்தக் கம்பனிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். இங்கே காவல் என்று ஒன்று இருந்தால் அது நீங்கள்தான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, 1996 இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். தானியங்கித் துவக்கு என்றால் ஆயுள் தண்டனை வரை போகும். அனுமதி உள்ளவர்கூட ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், டிசம்பர் 31 உடன் பழையது முடிந்துவிடும். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளை மீளாய்வு செய்யவேண்டும், கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று பாதுகாப்பு அமைச்சு கேட்டது நினைவிருக்கும். கொடுத்த துவக்குக்கே அவ்வளவு கணக்குப் பார்க்கிற நாட்டில், யார் என்றே தெரியாத ஒருவருக்கு அதைக் கூரியரில் அனுப்ப எந்த வழியும் கிடையாது.

"அமெரிக்காவில் ஒன்லைனில் வாங்குகிறார்கள்தானே" என்று கமெண்டில் ஒரு தம்பி கேட்டிருந்தார். அங்கேயும் கடைக்காரரிடம் ஒன்லைனில் காசு கட்டினால் துவக்கு வீட்டு வாசலுக்கு வந்துவிடாது. வாங்குபவரின் ஊர்ப் பக்கத்தில் உள்ள, அனுமதி பெற்ற இன்னொரு கடைக்குத்தான் அது போகும். அவர் அங்கே நேரில் போய், படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறினால்தான் கையில் கொடுப்பார்கள். ஒரு காலத்தில் அங்கேயும் தபாலில் அனுப்பினார்கள். 1963 இல் ஜனாதிபதி கென்னடியைச் சுட்ட ரைஃபிள் அப்படித் தபாலில் வாங்கியதுதான். அதன் பிறகு 1968 இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். துவக்கைக் கொண்டாடுகிற நாடே அந்த வழியை மூடி இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

பன்றித் தொல்லையை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஓர் இரவு பன்றிக் கூட்டம் இறங்கினால் உருளைக்கிழங்குப் பாத்தி விடியும்போது உழுத வயல் மாதிரிக் கிடக்கும். முள்ளம்பன்றி, குரங்கு வேறு. விதைக்கிழங்கைக் கடனுக்கு வாங்கியவர் கடைக்கு வந்து பேசாமல் நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியும். பயிர் காக்க அனுமதி கேட்டுப் போனால் காணி உறுதியைக் கேட்கிறார்கள். இருநூறு வருஷமாக இந்த மலையில் உழைத்தும் தன் பெயரில் ஒரு பேர்ச் நிலம் இல்லாத தோட்டத்துச் சனம் எந்த உறுதியைக் கொண்டுபோகும்? அந்தக் கோபம் நியாயமானது. கச்சேரியிடமும் (மாவட்டச் செயலகம்) நமது எம்.பி.மாரிடமும் கேட்கவேண்டிய கேள்வி அது, நானும் கூட வந்து கேட்பேன். ஆனால் அந்தக் கோபத்தில் இன்பொக்ஸுக்குப் போகிறவனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன், இப்படி ஒரு பதிவைப் பார்த்து, முற்பணம் என்று போனில் காசு அனுப்பினான். பிறகு கூரியர் செலவு என்று இன்னும் கொஞ்சம், பொலிஸ் செக்கிங்கில் மாட்டிவிட்டது, அதற்கும் ஏதாவது அனுப்பு என்று மறுபடியும். அப்புறம் நம்பர் வேலை செய்யவில்லை. முறைப்பாடு செய்யலாமே என்றேன். என்ன வாங்கப் போனாய் என்று கேட்டால் என்ன சொல்வேன் அண்ணா என்றான். ஏமாற்றுக்காரன் நம்பியிருப்பதே இதைத்தான், காசு இழந்தவன் வாயைத் திறக்க முடியாது.

இன்னொன்று, நான் இதைவிடப் பயந்த விஷயம். கணவர் தவறிப்போன ஒரு அக்கா, வீட்டில் இருந்த அவருடைய சொட்கனை விற்றுப் பிள்ளையின் படிப்புக்குப் பார்க்கலாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் படம் எடுத்து, நேர்மையான விற்பனை என்று காட்ட அனுமதிப்பத்திரத்தையும் பக்கத்தில் விரித்து வைத்திருந்தான். பதிவு போடும் முன் எழுத்துப் பிழை பார்க்க என்னிடம் கொண்டுவந்ததால் நல்லதாயிற்று. அந்த ஒரு படத்தில் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், துவக்கின் இலக்கம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அதாவது எந்த வீட்டில் துவக்கு இருக்கிறது, அந்த வீட்டில் இப்போது ஆண் துணை இல்லை என்பது வரை ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லியிருப்பான். அனுமதிப்பத்திரம் கணவர் பெயருக்குக் கொடுத்தது, அவர் போனால் அது மகனுக்குத் தானாக வந்துவிடாது. முதலில் பொலிஸுக்கு அறிவித்து ஒப்படைக்க வேண்டும், பிறகு என்ன செய்வதென்றாலும் கச்சேரி ஊடாகத்தான். அக்காவுக்கு இதை எடுத்துச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. சொன்னபோது புரிந்துகொண்டார், அதுவரை யாரும் தமிழில் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

கம்பிக் கண்ணியும் வாய்வெடியும் (தீனியில் மறைத்து வைக்கிற, மிருகம் கடித்தால் வெடிக்கிற வெடி) விற்கிற பதிவுகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் சிக்கிச் சில நாளில் செத்தது. பன்றிக்கு வைத்த கம்பிக்கு எது வந்து மாட்டும் என்று தெரியாது, கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் காலும் மாட்டலாம்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன் என்றால், முதலில் பதிவுகளை நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே வரும்படி வையுங்கள். துவக்கு, தோட்டா, துவக்கின் பாகம், வெடி என்று சந்தேகம் வந்தால் அழித்துவிடுங்கள், "விற்பனையாகிவிட்டது" என்று போட்டுவிட்டால் போதும் என்று விடாதீர்கள். படத்தில் யாருடைய அனுமதிப்பத்திரமாவது தெரிந்தால் அன்றே எடுத்துவிட்டு, போட்டவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களில் பாதிப்பேர் கள்ளர்கள் இல்லை, வழி தெரியாதவர்கள். அதே கணக்கை திரும்பத் திரும்பப் பார்த்தால் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

அதோடு, எண்ணெய்ப் போத்தலையும் உறையையும் டோர்ச்சையும் துவக்கோடு சேர்த்துத் தூக்காதீர்கள். என் பதிவு ஒன்றை அப்படி அழித்தார்கள், கோபமில்லை, காரணம் புரிகிறது. பேஸ்புக்கின் விளம்பர விதியிலேயே உறை மாதிரியான துணைச் சாமான்களுக்கு 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் காட்டினால் இடம் இருக்கிறது. உங்கள் குழுவில் அதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தால் நான் கடையில் வைத்தே விற்றுக்கொள்கிறேன், ஆனால் அதை விதியில் எழுதி வையுங்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அனுமதி எடுப்பது எப்படி, புதுப்பிப்பது எப்படி, வைத்திருந்தவர் இறந்தால் எங்கே போவது என்று தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன். கச்சேரியில் வேலை செய்யும் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் தருவேன். குழுவின் மேலே பின் பண்ணி வையுங்கள். டிசம்பரில் புதுப்பிக்கும் கூட்டம் தொடங்கிவிடும், நவம்பருக்குள் போட்டால் பலருக்கு உதவும். தேவையான அட்மின்மார் ஒரு செய்தி போடுங்கள்.