அரையாண்டு விடுமுறைக்குப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை பள்ளிக்கு விடுமுறை. இந்த முறை ஒன்று முதல் எட்டு வரை எந்த வகுப்புக்கும் எழுத்து வீட்டுப்பாடம் கிடையாது. ஒரே பாடத்தை ஐந்து தடவை பார்த்து எழுதினால் பிள்ளைக்குக் கை வலிக்குமே தவிர வாசிப்பு வராது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் ஒரு துணிப்பையில் மூன்று கதைப் புத்தகங்கள் கொடுத்தனுப்புகிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: தினமும் கால்மணி நேரம் பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்து "போய்ப் படி" என்றால் அது பையிலேயே கிடந்து ஜனவரி 2 அன்று புதிதாகவே திரும்பி வரும்.

மூன்றில் இரண்டு புத்தகம் பிள்ளை தடங்கல் இல்லாமல் வாசிக்கக்கூடியது. மூன்றாவது சற்றுக் கடினம், அதை நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் "நுழை, நட, ஓடு, பற" என்று நான்கு படிநிலைகள் இருப்பதைப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள். எந்த வகுப்பு என்று பார்த்து நாங்கள் புத்தகம் தரவில்லை. இப்போது எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் தந்திருக்கிறோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை "நட" புத்தகத்தோடு வந்தால் கேலி செய்ய வேண்டாம். அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் இந்தக் கேலிதான் வாசிப்பை முதலில் கெடுக்கிறது.

வெளியே புத்தகம் வாங்குவதானால் ஒரு சின்னச் சோதனை போதும். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டியது. ஒரு விரல்கூட மடங்காவிட்டாலும் வாங்கலாம், எளிதான புத்தகத்தால் நட்டம் எதுவும் இல்லை.

வாசிக்கும்போது வீட்டில் வழக்கமாக நடக்கும் சில தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் "வந்துகொண்டிருந்தான்" என்று இருக்கும், பிள்ளை "வந்துக்கிட்டு இருந்தான்" என்று வாசிக்கும். அதைத் திருத்தாதீர்கள். பிள்ளைக்குப் பொருள் புரிந்திருக்கிறது, அதனால்தான் தன் பேச்சில் சொல்கிறது. "மரம்" என்பதை "மறம்" என்று உச்சரித்தாலும் கதை ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்த வேண்டாம். ஒரு சொல்லில் தடுமாறி நின்றால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் வராவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு மேலே போகச் செய்யுங்கள். எழுத்துக் கூட்டி இழுத்துக்கொண்டே போனால் வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்வார்கள். அது ஏமாற்று வேலை இல்லை, வாசிப்பின் முதல் கட்டம். மூன்று நாள் கழித்து ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். முடிந்ததும் "இந்தக் கதையில் என்ன நீதி?" என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே பிள்ளைகள் கதையைக் கவனிக்காமல் பதிலைத் தேட ஆரம்பிக்கிறார்கள். பாதியில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் இது சேர்த்துத்தான். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள், படத்தைப் பார்த்துக் கேள்வி கேளுங்கள். அப்பத்தா, அம்மாச்சி சொல்லும் கதைகளும் இந்தக் கால்மணி நேரக் கணக்கில் சேரும்.

மூன்று புத்தகமும் முடிந்துவிட்டால் காசு செலவில்லாமல் இன்னும் கிடைக்கும். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு "ஊஞ்சல்", ஆறு முதல் எட்டுக்குத் "தேன்சிட்டு" பழைய இதழ்களை வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கைபேசி இருக்கும் வீடுகளில் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்து மொழியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். நான்கு நிலைகளாகக் கதைகள் இருக்கும். முதல் நிலைக் கதைகள் 250 சொல்லுக்குள் முடிந்துவிடும், எல்லாம் இலவசம். டேட்டா இருக்கும்போது பத்துக் கதைகளை இறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தை அணைத்துவிட்டு வாசிக்கக் கொடுங்கள். அணைக்காவிட்டால் இரண்டாவது பக்கத்திலேயே வேறு வீடியோ வந்துவிடும். வாங்க நினைப்பவர்கள் நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம், துளிகா வெளியீடுகளைப் பாருங்கள். துளிகாவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் புத்தகங்கள் உண்டு, ஆங்கிலத்துக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு அவை நல்லது.

கிளை நூலகத்தை மறந்துவிடாதீர்கள். 1948 ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கட்டிய காசுக்காவது போய் உட்காரலாம். அங்கேயே இருந்து படிக்கக் கட்டணம் இல்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவர உறுப்பினர் ஆக வேண்டும், அதற்குச் சிறு தொகைதான். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மதுரைக்குப் போகிறவர்கள் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் அரைநாள் இருந்துவிட்டு வாருங்கள்.

இனி கையால் செய்யும் வேலைகள். எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை, உங்கள் வீட்டுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி என்பதால் கோலம் எப்படியும் போடுவீர்கள். ஆண் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அதில் கணக்கு நிறைய இருக்கிறது. நேர்ப்புள்ளி 7 வைத்து 1 இல் முடித்தால் மொத்தம் எத்தனை புள்ளி? முதலில் உத்தேசமாகச் சொல்லட்டும், பிறகு எண்ணட்டும்: 25. ஊடுபுள்ளியாக 7 வைத்து 4 இல் முடித்தால் 37. நான்காம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களிடம் அந்த 25 புள்ளியையும் சாய்வாகப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு நாலாக நான்கு வரிசையும், மும்மூன்றாக மூன்று வரிசையும் தெரியும். 16 உம் 9 உம் சேர்ந்து 25. பள்ளி திறந்ததும் வகுப்பில் இதைத் தொடர்வோம், ஆகவே விடையை முந்திச் சொல்லிவிடாமல் கண்டுபிடிக்க விடுங்கள். சின்னக் கைகளுக்குப் புள்ளி இடைவெளி நான்கு விரற்கடையாவது வேண்டும், நெருக்கி வைத்தால் சிக்குக் கோலத்தில் வளைவு திரும்ப இடம் இருக்காது. வெறும் பச்சரிசி மாவு பனி ஈரத்தில் கட்டிதட்டி விரலில் ஒட்டும். ஒரு பங்கு அரிசி மாவுக்கு இரண்டு பங்கு கல்மாவு கலந்தால் இழை விடாமல் விழும், எறும்புக்கும் கொஞ்சம் இருக்கும். தண்ணீர் தெளித்தவுடன் போடாமல் தரை உறிஞ்சும்வரை பொறுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு நிழல் அளக்கும் வேலை. மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலில் ஒரு குச்சியை நட்டு, தரையிலிருந்து குச்சி நுனி சரியாக 50 செ.மீ. உயரம் இருக்கும்படி வையுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தூக்குக்குண்டு போலப் பிடித்து, குச்சி நேராக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். பகல் 11.50 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்து நேரத்தை எழுதட்டும். டிசம்பர் 25 வாக்கில் மதுரைப் பக்கம் 12.18 மணி வாக்கில்தான் நிழல் மிகக் குறுகும், சரியாக 12 மணிக்கு இல்லை. ஏன் என்று யோசிக்கட்டும். அப்போது நிழலின் நீளம் ஏறக்குறைய 33 செ.மீ. இருக்கும், அது காட்டும் திசை வடக்கு. சென்னையில் சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் அங்கும் அதே நாளில் அளக்கச் சொல்லிப் போனில் கேளுங்கள். அங்கே 12.09 வாக்கிலேயே குறுகிவிடும், நீளமோ 37 செ.மீ. நாகர்கோவிலில் 31. அளவு ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் காரணம் மொட்டைமாடிதான். மழைநீர் வடிய அங்கே வாட்டம் விட்டிருப்பார்கள், நிழல் அந்தச் சரிவில் நீளும் அல்லது குறுகும். வீட்டு முன்வாசலில் சமதரை இருந்தால் அதுவே நல்லது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதே பிள்ளைகளை இரவு எட்டரை மணிக்குக் கிழக்கு பார்க்க நிறுத்துங்கள். மூன்று விண்மீன்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போல் தெரியும். அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் சற்றுச் சிவந்து இருப்பது திருவாதிரை. கோட்டை மேல்நோக்கி நீட்டினால் ரோகிணி, இன்னும் மேலே கொத்தாகக் கார்த்திகை. கீழ்நோக்கி நீட்டினால் சிரியஸ், இரவு வானின் விண்மீன்களிலேயே ஒளி மிகுந்தது அதுதான். தெருவிளக்குக்கு நேர் கீழே நின்றால் கார்த்திகை தெரியாது. இருட்டில் பத்து நிமிடம் கண் பழகட்டும், இடையில் கைபேசியைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

காலையில் எழுகிறவர்களுக்குப் பறவை எண்ணிக்கை. பொங்கலையொட்டி 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு இது நல்ல ஒத்திகை. ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். காகம், மைனாவோடு குளிர்காலத்துக்கு மட்டும் வரும் தகைவிலான்களும் வாலாட்டிகளும் இப்போது இருக்கும். தோட்டக்கள்ளன் என்னும் ஆறுமணிக் குருவியும் நம் பக்கம் வந்திருக்கும் காலம் இது. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும், பார்ப்பதைவிடக் கேட்பதுதான் எளிது.

மழை பிடித்துக்கொண்டால் ஒரு ஏ4 தாள் போதும், எட்டுப் பக்கப் புத்தகம் செய்யலாம். நீள விளிம்புகள் இரண்டும் சேரும்படி மடித்துப் பிரிக்கவும். பிறகு குட்டை விளிம்புகள் சேரும்படி மடிக்கவும், அதையே இன்னொரு முறை அப்படியே மடித்துக் கடைசி மடிப்பை மட்டும் பிரிக்கவும். இப்போது மூடிய மடிப்புப் பக்கத்திலிருந்து, நடுவில் ஓடும் கோட்டின் மேல், குறுக்கு மடிப்பு வரை மட்டும் வெட்டவும். தாளை முழுக்க விரித்து நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால் வெட்டு வாய் திறந்து கூட்டல் குறி போல நிற்கும். சுற்றி மடித்தால் புத்தகம். திறந்த விளிம்பிலிருந்து வெட்டிவிட்டால் இது வராது, பத்தில் எட்டுப் பேர் அங்கேதான் தவறுகிறார்கள். மடித்து முடித்துப் பக்க எண் போட்ட பிறகே எழுதத் தொடங்கட்டும். விரித்த தாளில் எழுதினால் பாதிப் பக்கங்கள் தலைகீழாக வரும்.

ஆட்டங்களுக்குப் புளியங்கொட்டை 70 இருந்தால் பல்லாங்குழி, குழிக்கு ஐந்தாக 14 குழி. ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டத்தைத் தரையில் கரியால் வரைந்துகொண்டு மூன்று பெரிய கல், பதினைந்து சின்னக் கல். ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக இறக்க வேண்டும், பதினைந்தும் இறங்கும் வரை ஆடு நகரக் கூடாது. புதிதாக ஆடுபவர்கள் ஆட்டை நடுவில் வைத்து வெட்டுக் கொடுப்பார்கள். புலி தாண்ட இடமில்லாத ஓரங்களில் முதலில் வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு நாள் வெளியே போவதென்றால் கீழடி அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தது. அங்கே அகழ்வில் கிடைத்த பகடைகளையும் வட்டச் சில்லுகளையும் பார்த்தால், தாயமும் பாண்டியும் ஆடும் பிள்ளைகள் தாங்களாகவே கண்ணாடிப் பெட்டியருகே நின்றுவிடுவார்கள். பானை ஓட்டில் கீறிய தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளில் "ஆதன்" என்ற பெயரைத் தேடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடினால் எதுவும் நிற்காது, மூன்று பொருளைப் பார்த்துப் படம் வரைந்தால் போதும். கிளம்பும் முன் வார விடுமுறை எந்த நாள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் இல்லை. தண்ணீரும் புளிசாதமும் எடுத்துப் போனால் செலவு அவ்வளவுதான்.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கண்மாய், கிணறு, கல்குவாரிப் பள்ளம் எல்லாம் நிரம்பிக் கிடக்கின்றன. கண்மாயில் மண் அள்ளிய இடங்களில் முழங்கால் அளவிலிருந்து ஒரே அடியில் ஆளுயரப் பள்ளம் இறங்கும், மேலே பார்த்தால் தெரியாது. பெரியவர் துணை இல்லாமல் எந்தப் பிள்ளையும், நீச்சல் தெரிந்த பிள்ளையும், தண்ணீரில் இறங்கக் கூடாது. வேலைக்குப் போகும் பெற்றோர் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள்.

பள்ளி ஜனவரி 2 காலை வழக்கமான நேரத்தில் திறக்கும். துணிப்பையோடு மூன்று புத்தகங்களையும் கொடுத்தனுப்புங்கள். பக்கம் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்ட வேண்டாம், சில மாதத்தில் மஞ்சளித்துப் பக்கத்தோடு உரிந்து வரும். கிழிந்த துண்டைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்து அனுப்பினால் மெல்லிய தாளும் மைதாப் பசையும் வைத்து நாங்கள் ஒட்டிக்கொள்வோம். கிழிந்ததற்காகப் பணம் வாங்க மாட்டோம், பிள்ளையைத் திட்டவும் மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்